வியாழக்கிழமை வேலை

பட்டறையில் எல்லோரும் அவளைப் பல்லழகி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பல் ஒன்றும் அப்படி அழகில்லை. மேல்வரிசையில் ஒன்று தெற்றிக்கொண்டு நிற்கும். அவள் கையால் செய்கிற பல் செட்டுகள்தான் அழகு. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சின் மேல் மெழுகை உருட்டி வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறுக்கு நிறம் கொடுத்து, கடைசியில் பார்த்தால் செய்த பல் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைத்தெருவில் வயசானவர் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அது நம்ம கைச்சரக்காக இருக்கும் என்று கூட வேலை பார்ப்பவளிடம் கண்ணைக் காட்டுவாள்.

குனிந்தே பார்க்கிற வேலை. கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. பல வருஷம் அப்படி இருந்ததில் கழுத்து மெல்ல மெல்ல மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் பின்கழுத்தில் ஒரு பிடிப்பு. பிறகு தோள்பட்டை. பிறகு வலது கை முழுவதும் எறும்பு ஊர்கிற மாதிரி. ஒருநாள் கோரைப்பல் ஒன்றைப் பிடித்திருந்த விரல் உணர்வில்லாமல் போய், பல் தரையில் விழுந்து மேஜைக்கடியில் ஓடியது. அன்றுதான் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு தேய்மானம் பெரிசாக இல்லை, வலி மாத்திரையையே நம்பிக்கொண்டிருந்தால் வயிறுதான் புண்ணாகும் என்றார். கீழே மருந்துக்கடை இருக்கிற கட்டடத்தின் மாடியில் ஒரு யோகா தெரபி டீச்சர் இருக்கிறார், அங்கே போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். இவள் யோகா என்றால் தலைகீழாக நிற்க வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, இருக்கிற கழுத்தும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் படியேறினாள்.

டீச்சருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். முதல் நாள் எதையும் வளைக்கவும் சொல்லவில்லை, நிமிர்த்தவும் சொல்லவில்லை. விரிப்பில் படுக்க வைத்து, தலைக்கடியில் போர்வையை மடித்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வெறுமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க மூச்ச விடறதே இல்லையே. இழுத்து இழுத்து உள்ளேயே வெச்சுக்கறீங்க," என்றார். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி நிற்பதைத் தொட்டுக் காட்டினார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா என்று கேட்டார்.

"தெரியலயே டீச்சர். ஊர்ல இருக்கறவங்க பல்லையே பார்த்துட்டிருக்கேன், என் பல்ல யாரு பார்க்கறா," என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒட்டுதல் ஏற்பட்டது.

சனிக்கிழமை காலையில் இவளுக்கு நேரம். கையைத் தூக்கும்போது மூச்சை இழுக்க வேண்டும், இறக்கும்போது விட வேண்டும், விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். சுவரில் முதுகை வைத்துத் தாடையை மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். சின்னப் பிள்ளை வேலை மாதிரித்தான் இருந்தது. ஆனால் சில வாரங்களில் விரல் பழையபடி பல்லைப் பிடித்தது. பட்டறையிலேயே இடையில் எழுந்து சுவரோரம் நின்று தாடையை உள்ளே இழுப்பாள். முதலாளி யாரைப் பார்த்து முறைக்கிறாய் என்று கேலி செய்வார்.

ஒருமுறை டீச்சர் அவள் முதுகுக்கடியில் நீளவாட்டில் ஒரு திண்டை வைத்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்துப் போடச் சொன்னார். நெஞ்சு திறந்தது. என்ன ஏது என்று தெரியாமல் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. டீச்சர் ஒரு துண்டை அவள் கையருகே வைத்தார். கிளம்பும்போது இவளாகவே, "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா," என்றாள். அந்தப் பேச்சு வீட்டில் புழங்கியே எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு அப்பா வைத்த செல்லப்பெயர் தக்காளி. கோபம் வந்தால் கன்னம் இரண்டும் அப்படிச் சிவந்துவிடும். ஐந்து வயதில் நுரையீரலில் கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் கட்டிலைவிட்டு நகரவில்லை. ஒரு மத்தியானம், பிள்ளை அசந்து தூங்கியபோது, நீ வீட்டுக்குப் போய்க் குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வற்புறுத்தி அனுப்பினார். போனாள். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது.

"முழிக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டா. யாரையும் தேடல," என்றார் அவர்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இவள் உயிரோடு இருந்தாள் என்றால் மிகையில்லை. நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று நெஞ்சு பொங்கும்போதெல்லாம், அவள் என்னைத் தேடவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். தீயில் தண்ணீர் தெளித்த மாதிரி கொஞ்சம் அடங்கும்.

அவர் அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. போட்டோவை அலமாரிக்குள் வைத்துவிட்டார். இவள் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒழுகாத குழாயைத் திருகுவார், எரிகிற பல்பைக் கழற்றித் துடைப்பார். ஒரு தடவை தக்காளி என்று இவள் சொன்னதற்கு, பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். மனுஷன் மனசு தாங்கவில்லை, நாமும் கிளறக் கூடாது என்று இவள் தன்னை அடக்கிக்கொண்டாள். அழுகை வந்தால் குளியலறைக்குப் போய் வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர் நிரம்புவதற்குள் முடித்துக்கொண்டு முகம் கழுவி வருவாள். இன்னொரு பிள்ளை அவர்களுக்குப் பிறக்கவில்லை.

அவர் லிப்ட் மெக்கானிக். இவளுடைய தம்பியும் அதே கம்பெனியில்தான் வேலை. அவர்தான் சேர்த்துவிட்டார், மாமா பின்னாலேயே போய்த் தொழில் கற்றுக்கொண்டான். ஒரு வருஷத்துக்கு முன்னால், வியாழக்கிழமைதோறும் ஒரு பெரிய கட்டடத்தில் பராமரிப்பு வேலை இருக்கிறது, வர நேரமாகும் என்றார். தம்பியும் ஆமாம் அக்கா, அந்தக் கட்டடத்து லிப்ட் கிழட்டு லிப்ட், வாரம் ஒருமுறை வைத்தியம் பார்க்கணும் என்றான். வியாழக்கிழமை மட்டும் அவள் சாப்பாட்டைச் சூடாக மூடி வைப்பாள். அன்றைக்கு வரும்போது அவர் முகம் தெளிந்திருக்கும். நன்றாகச் சாப்பிடுவார், படுத்ததும் தூங்குவார். உழைத்த களைப்பு, பாவம் என்று நினைத்துக்கொள்வாள். முதுகில் தைலம்கூடத் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

யோகா தெரபிக்குப் போக ஆரம்பித்தபோது அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். எங்கே என்று கேட்டார். மருந்துக்கடை மாடி என்றாள். எந்தக் கிழமை என்று கேட்டார். சனிக்கிழமை என்றதும், "நல்லது, விடாம போ," என்றார். கழுத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று அன்றைக்கு அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

ஒரு வாரம் பட்டறையில் அவசர வேலை. சனிக்கிழமை நகர முடியாது. டீச்சருக்குப் போன் செய்து கேட்டதில், வியாழக்கிழமை பொழுது சாய வாருங்கள், பெரிய கூடத்தில் ஒரு குழு இருக்கும், நீங்கள் பக்கத்துச் சின்ன அறையில் பயிற்சி செய்துகொண்டிருங்கள், குழு முடிந்ததும் வந்து கழுத்தைப் பார்க்கிறேன் என்றார். வீட்டுக்காரரும் எப்படியும் வேலைக்குப் போய்விடுகிற நாள்தானே என்று இவள் வீட்டில் சொல்லாமலேயே கிளம்பிவிட்டாள்.

கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. இவள் சின்ன அறைக்குள் போய் விரிப்பைப் போட்டுப் படுத்தாள். இரண்டுக்கும் நடுவே மரத்தடுப்புதான்; மேலே கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் டீச்சரின் குரல் மெல்லக் கேட்டது. மூச்சை விடுங்கள், தோளை விடுங்கள், தாடையை விடுங்கள். இவளும் அந்தக் குரலுக்கே மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். நெருங்கியவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கான குழு அது என்பது போகப்போகப் புரிந்தது. பயிற்சி முடிந்ததும் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார் டீச்சர். ஒரு பெண் தன் அண்ணனைப் பற்றி ஏதோ சொன்னாள். அடுத்தவர்கள் பேச்சைக் கேட்பது தப்பு என்று இவள் எழுந்து வெளியே போகப் பார்த்தாள்.

அப்போது அடுத்த குரல் வந்தது.

"போன தடவ பாதியில நிறுத்திட்டேன். இன்னிக்குச் சொல்லிப் பார்க்கறேன்."

பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் கேட்கிற குரல். தெருமுனையில் இருமினாலே கண்டுபிடித்துவிடுவாள். இருந்தாலும், அவர் மாதிரியே பேசுகிற வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எம் பொண்ண நான் தக்காளின்னுதான் கூப்பிடுவேன். கோவம் வந்தா அப்படியே செவந்துருவா." யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எட்டு வருஷமாக அவர் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. "அன்னிக்கு மத்தியானம் திடீர்னு கண்ணு முழிச்சா. தெளிவா இருந்தா. அம்மா வந்துட்டாளான்னு கேட்டா. வந்துட்டாம்மா, படியேறிட்டிருக்கான்னு சொன்னேன். வந்ததும் என்ன எழுப்புங்கப்பான்னா. சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டா."

பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. அடக்கிக்கொள்ளாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிள்ளைகள் அழுகிற மாதிரி அழுதார்.

வீட்டில் அவர்களுக்கு இது தெரியுமா என்று ஒரு கிழவர் குரல் கேட்டது.

"தெரியாது. தூக்கத்துலயே போயிட்டான்னு சொல்லிட்டேன். அவ நெஞ்சுரம் உள்ளவ. ஒருநாளும் அழுது நான் பார்த்ததில்ல. அவ முன்னாடி எனக்கு அழ வரல."

இந்தப் பக்கம் அவள் விரிப்பில் உட்கார்ந்த நிலையில் அப்படியே இருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நிற்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போய் என்ன சொல்வது? அந்தக் கூடத்தில் இருக்கிற முகம் தெரியாத ஆட்களெல்லாம் அவளுடைய பிள்ளையின் கடைசி வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் கழுத்து வலிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

விரிப்பைச் சுருட்டி வைத்தாள். வெளியே செருப்பு வைக்கிற இடத்தில் அவருடைய வேலை பூட்ஸ் இருந்தது, கிரீஸ் கறை பட்ட நாடாவோடு. வரும்போது அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் கழற்றி வைத்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். சமைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அவர் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான தெளிந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டே, இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டாள். மோட்டாரில் சத்தம் வந்தது, பிரித்துப் பார்த்தோம் என்றார். எத்தனையாவது மாடியில் என்று கேட்டாள். மோட்டார் எப்போதும் மொட்டை மாடியில்தான் இருக்கும் என்று சிரித்தார். தம்பியும் கூட இருந்தானா என்றாள். இருந்தான், அவன்தான் கயிற்றுக்கு எண்ணெய் போட்டான் என்றார். ஒவ்வொன்றும் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு வக்கணையாக வருகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வருஷப் பழக்கம். சோற்றைப் பிசைகிற கைகூடத் தடுமாறவில்லை.

"தக்காளி முழிச்சிருந்தாளா?" என்றாள்.

அவர் கை நின்றது. அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னிக்குப் பக்கத்து ரூம்ல நான்தான் படுத்திருந்தேன்," என்றாள்.

பிறகு, எப்போதும் செய்வதைத்தான் அன்றும் செய்தார். எழுந்து கை கழுவப் போனார். இவள் தடுக்கவில்லை. குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். வெளியே வந்து, சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்தேன் என்று ஆரம்பித்தார். எப்படி அந்த இடத்துக்குப் போனீர்கள் என்று மட்டும் கேட்டாள். லிப்ட் குழிக்குள் ஒருநாள் மூச்சு அடைத்துக்கொண்டது, உன் தம்பிதான் கூட்டிக்கொண்டு போனான் என்றார்.

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பட்டறையிலிருந்து மத்தியானமே கிளம்பித் தம்பியைத் தேடிப் போனாள். கட்டி முடியாத ஒரு கட்டடத்தில், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துபோய் டம்ளரைக் கீழே வைத்தான்.

நடந்ததை அவன் மறைக்காமல் சொன்னான். குழிக்குள் இறங்கிய மாமா மேலே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. இறங்கிப் பார்த்தால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். இதயத்தில் கோளாறு இல்லை, மனசில் இருப்பதுதான் மூச்சை அடைக்கிறது என்று சொல்லி, மாத்திரையோடு இந்த டீச்சரிடமும் போகச் சொன்னார்கள். முதல் சில வாரம் இவனே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறான். தக்காளி கடைசியாகச் சொன்னதையும் மாமா இவனிடம் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குத் தெரியவே கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

"உனக்கும் தெரியுமா?" என்றாள்.

"நீ தாங்க மாட்டேன்னுதான்க்கா…"

"எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க நான் தாங்க மாட்டேன்னு. அவர் தாங்க மாட்டார்னா ஆஸ்பத்திரி, டீச்சர், வாரா வாரம் ஆளுங்க. எனக்கு வாளித் தண்ணி."

அவனுக்கு வாளித் தண்ணீர் என்றால் என்ன என்று புரியவில்லை. இவள் விளக்கவும் இல்லை.

"கிழட்டு லிப்ட்டுன்னு சொல்லி என்ன சிரிக்க வெச்சியேடா," என்றாள். "நம்ப வெச்சுக் கழுத்தறுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அது கூடப்பிறந்தவன் கையாலன்னு தெரியாது."

அவன் அழுதான். அவளுக்கு அவனைத் தொடத் தோன்றவில்லை. சின்ன வயசில் அவன் விழுந்தால் இவள்தான் தூக்குவாள். அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

கழுத்து விட்டுப்போன வலியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தது. தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. அவசர வேலையாவது ஒன்றாவது என்று சனிக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டு டீச்சரிடம் போனாள். வியாழக்கிழமை ஏன் சொல்லாமல் போய்விட்டீர்கள் என்று கேட்ட டீச்சர், பதிலைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் இவளுடைய வீட்டுக்காரர் என்று டீச்சருக்குத் தெரியாது. அதை இவள் நம்பினாள். அந்த அறையில் உங்களைப் படுக்க வைத்தது என் தப்புதான், தடுப்பு இருக்கிறது என்று அசட்டையாக இருந்துவிட்டேன் என்று டீச்சர் மன்னிப்புக் கேட்டார். பிறகு, இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம் டீச்சர். எம் புருஷன் என்கிட்ட பேசறதுக்கு நடுவுல ஆள் எதுக்கு? எனக்குக் கழுத்த மட்டும் பாருங்க."

டீச்சர் வற்புறுத்தவில்லை. அன்று முழுக்கக் கழுத்தை மட்டும் பார்த்தார். கிளம்பும்போது, "அவர் மேல கோவப்படறதுக்கு உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கு. அவர் இங்க அழுததும் நடிப்பு இல்ல," என்றார். அது தெரியும் என்றாள். நடிப்பாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு நாளாக வீட்டில் பாத்திரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் அலமாரியிலிருந்து போட்டோவை எடுத்துக் கூடத்து மேஜையில் வைத்தாள். அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் வீட்டுக்குக் கிளம்பினதுல இருந்து திரும்பி வந்தது வரைக்கும் சொல்லுங்க. எதையும் விடக் கூடாது. எந்திரிச்சுப் போகவும் கூடாது."

அவர் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளை காலால் போர்வையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பாதம் கொதித்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கண் விழித்ததும் பிள்ளை கழுத்துப் பட்டன் இறுக்குகிறது என்றாள், அவிழ்த்துவிட்டார். இந்த ஆஸ்பத்திரி லிப்ட் அப்பா செய்ததா என்று கேட்டாள். இதெல்லாம் அவர் அந்தக் கூடத்தில்கூடச் சொல்லாதவை என்று அவருடைய தடுமாற்றத்திலேயே தெரிந்தது. அம்மா வந்துட்டாளா என்ற இடத்துக்கு வந்ததும் குரல் நின்றது. மூச்சு மேலே மேலே ஏறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கண் மிரண்டது. லிப்ட் குழிக்குள் தம்பி பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் கற்றுக்கொடுத்தது ஒரே டீச்சர்தான். பக்கத்தில் போய் முதுகைத் தடவிவிடலாம். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"வெளிய விடுங்க. இழுக்காதீங்க, விடுங்க. இன்னும். முழுசா விடுங்க," என்றாள். பட்டறையில் புதிதாக வந்தவர்களுக்கு மெழுகு உருட்டச் சொல்லித்தருகிற குரலில்தான் சொன்னாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு விட்டார். மறுபடி விட்டார். தோள் இறங்கியது. முகத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"மிச்சத்தச் சொல்லுங்க," என்றாள்.

"வந்ததும் எழுப்பச் சொன்னா. நீ வந்துட்ட. எழுப்ப முடியல. அத உன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவள் அழுதாள். குழாயைத் திறக்கவில்லை, முகத்தை மூடவில்லை. அவர் பார்க்கப் பார்க்க, மூக்கு ஒழுக, வாய் கோண அழுதாள். எட்டு வருஷமாக, என்னைத் தேடவில்லை என்று நினைத்து நினைத்து ஆறுதல் பட்டாளே, அந்த வருஷங்களெல்லாம் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருக்க இவள் காதைப் பொத்திக்கொண்டு இருந்த மாதிரி ஆகிவிட்டது.

அழுகை ஓய்ந்ததும் சொன்னாள். "அவ உங்ககிட்ட சொல்லல. என்கிட்ட சொல்லச் சொல்லி உங்ககிட்ட குடுத்தா. அது என்னோடது. அத என்கிட்ட தராம, எவங்கிட்டயெல்லாமோ குடுத்திருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உன்னைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதை மட்டும் அவள் மனசில் குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. அவள் முன்னறையிலேயே படுத்தாள். தம்பி தன் மனைவியோடு ஒருநாள் வந்தான். சாப்பாடு போட்டாள், அவர்கள் பிள்ளையின் படிப்பை விசாரித்தாள், ஆனால் தம்பியோடு சேர்ந்து உட்காரவில்லை. மாமாவுக்காகத்தானேக்கா என்று வாசலில் நின்று கெஞ்சினான். தெரியும்டா, அதனால் ஆறிவிடுகிறதா என்றாள். தக்காளியின் பெயரை நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் சொன்னாள். அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். சில சமயம் ஏதாவது சேர்த்துச் சொன்னார். அவர் சொல்வதில் எது மெய், எது இவளைத் தேற்றுவதற்காகச் சேர்த்தது என்ற சந்தேகம் அவளை விடவில்லை. நேற்று வேலை இருந்தது என்றால்கூட எந்தக் கட்டடத்தில் என்று கேட்டாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையையும் அவள் முழுசாக நம்பவில்லை.

வியாழக்கிழமைக் குழுவுக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் வீட்டிலேயே சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம், மாடிப்படி ஏறுகையில் அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "போங்க. அது உங்களுக்கு மருந்து. நிறுத்தச் சொல்லி நான் கேக்கல. அங்க போய்ச் சொல்றத, போறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. நான் முதல்ல கேக்கணும், அவ்வளவுதான்."

அந்த வாரம் அவர் சட்டை மாற்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தக்காளி முதன்முதலாக நடந்த அன்று, என்று தொடங்கிவிட்டு, சரியான வார்த்தைக்காகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திணறினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.